கடியப்பட்டணம் பாறையில் முங்கிப் பார்க்க: முதல் தடவை கடலடி பார்ப்பவர்களுக்கு

கடலுக்குள் மீனைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தமானுக்கோ லட்சத்தீவுக்கோ போக வேண்டும் என்றுதான் நானும் ரொம்ப வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்தும் கடல் என்றால் சொத்தவிளையிலும் சங்குத்துறையிலும் கால் நனைப்பது, அதோடு சரி. பிறகு ஒரு மாசி மாதக் காலையில் கடியப்பட்டணத்தில் சிப்பி எடுக்கும் அண்ணன் ஒருவர் தன் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்து, "குனிஞ்சு பாரு மக்கா, ஆழம் ஒண்ணும் வேண்டாம்" என்றார். மார்பளவுத் தண்ணீர். தலையை உள்ளே விட்டதும் மஞ்சள் முதுகில் ஐந்து கறுப்புப் பட்டை போட்ட மீன்கள் நாற்பது ஐம்பது, என் முட்டியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தன. மேலே நின்று பார்த்தபோது அங்கே வெறும் பாறையும் நுரையும்தான் தெரிந்தது.

அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரை முழுக்க. நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் பாறைக்கரையில் ஆழம் வேண்டாம். இரண்டு மீட்டர் தண்ணீர் போதும், அந்த இரண்டு மீட்டரில் எப்போது இறங்கலாம், எப்போது கூடாது என்று தெரிந்தால் போதும். படகு வேண்டாம், சிலிண்டர் வேண்டாம். ஆனால் இது குளம் இல்லை, இந்தியப் பெருங்கடல் நேராக வந்து மோதுகிற கரை. ஆகவே பொறுமையாகப் படியுங்கள், குறிப்பாகக் கரையில் உட்கார்ந்து பார்ப்பதைப் பற்றி எழுதியிருக்கும் பகுதியை.

ஏன் இந்தக் கரை

தமிழ்நாட்டில் கடலடி என்றதும் மன்னார் வளைகுடாவைத்தான் சொல்வார்கள். 21 தீவுகள், பவளப்பாறை, 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே தீவுகளுக்குள் நம் இஷ்டத்துக்குப் போய்விட முடியாது. நம் கரை வேறு மாதிரி. இங்கே பவளத்திட்டு கிடையாது, ஆங்காங்கே பாறையில் ஒட்டிய பவளம் இருக்கும், அவ்வளவுதான். இருப்பதெல்லாம் கரையிலிருந்தே தொடங்கிக் கடலுக்குள் நடந்து போகிற கருங்கல் பாறைகள். கடலுக்குள் மூழ்கிக் கிடக்கும் பாறைத்தரையை மீனவர்கள் பார் என்பார்கள். முட்டம், கடியப்பட்டணம், குளச்சல், குறும்பனை, இனயம் என்று மேற்கே போகப் போகப் பாறையும் மணலும் மாறி மாறி வரும்.

அந்தப் பாறையில் ஒட்டியிருக்கும் பழுப்பு நிறச் சிப்பிதான் இந்தக் கரையின் செல்வம். இந்தியாவில் வேறு எங்கும் பச்சைச் சிப்பிதான் அதிகம். பழுப்புச் சிப்பி கொல்லம் தொட்டு கன்னியாகுமரியைத் தாண்டி திருச்செந்தூர்ப் பக்கம் வரைக்கும் உள்ள பாறைகளில் கிடைப்பது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆழத்திலிருக்கும் குளிர்ந்த, சத்து நிறைந்த தண்ணீர் மேலே ஏறி வரும், நுண்ணுயிர் பெருகும், சிப்பி கொழுக்கும், சிப்பியைத் தின்னும் நண்டும் பேய்க்கணவாய் என்கிற ஆக்டோபஸும் சிங்கி இறாலும் பின்னாலேயே வரும். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்துச் சமைத்து வைப்பதைத்தான் நாம் தை, மாசியில் போய்ப் பார்க்கிறோம்.

கடியப்பட்டணத்தை நான் சொல்வதற்குக் காரணம், அங்கே பாறைகள் கரைக்கு வெளியே கொஞ்ச தூரத்தில் அலையை வாங்கிக்கொள்ளும் இடங்கள் உண்டு. வெளிப்பாறையில் அலை உடைந்து, உள்ளே வெறும் ஏற்ற இறக்கமாக மட்டும் வரும் மறைவுகள். அதே நேரம் பக்கத்திலேயே இருக்கும் முட்டம் பாறைகளில் இறங்கவே இறங்காதீர்கள். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே நின்று பார்க்க அழகான இடம், ஆனால் அலை நேராக வந்து அறையும். அழகான இடம் வேறு, இறங்கும் இடம் வேறு. நாகர்கோவிலிலிருந்து டவுன் பஸ் உண்டு, பைக்கில் போனால் மணவாளக்குறிச்சி வழியாகப் போகலாம்.

எப்போது போவது

நம் மாவட்டத்துக்கு இரண்டு கடல் முகம். விசைப்படகுத் தடைக்காலம்கூட இரண்டு: கன்னியாகுமரி, சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதே மாதிரி கடல் அமைதியாகும் காலமும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்று இல்லை. கடியப்பட்டணம் இருக்கும் மேற்குப் பக்கத்துக்கு ஜனவரி, பிப்ரவரி, மார்ச். காற்று நிலத்திலிருந்து வரும், அலை தணியும், தண்ணீர் தெளியும். ஏப்ரலில் நல்ல நாளும் வரும், கெட்ட நாளும் வரும். மே தொடங்கினால் மூட்டை கட்டிவிடுங்கள். ஆனி ஆடியில் அங்கே போனால் தேநீர் குடித்துக்கொண்டு தூரத்தில் நின்று பார்க்க மட்டும்தான்.

நாளில் காலை ஏழிலிருந்து பத்தரைக்குள். ரொம்பச் சீக்கிரம் போனால் கடலடி இருட்டாக இருக்கும், எட்டரைக்கு மேல் வெயில் தண்ணீருக்குள் இறங்கும், பதினோரு மணிக்குக் கடல்காற்று எழும்பி மேற்பரப்பைக் கலைத்துவிடும். வற்றுநேரம் பார்த்துப் போவது நல்லது. இங்கே ஏற்ற வற்றம் ஒரு மீட்டருக்குள்தான், ஆனாலும் அந்த அரை முக்கால் மீட்டரில்தான் வெளிப்பாறை தலை காட்டுவதும் காட்டாததும் இருக்கிறது. தலை காட்டினால் அலையைத் தடுக்கும், மூழ்கினால் அலை தாண்டி உள்ளே வரும்.

மழை பெய்து இரண்டு மூன்று நாளைக்குப் போகாதீர்கள். வள்ளியாறு கடியப்பட்டணத்தில்தான் கடலில் சேர்கிறது. ஆறு செம்மண்ணைக் கொண்டுவந்து கொட்டினால் கையை நீட்டினால் விரல் தெரியாது.

முதலில் ஊர், அப்புறம் கடல்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம். இது சுற்றுலாத் தலம் இல்லை, ஜனங்கள் தொழில் செய்யும் இடம். கரையில் நிற்கும் வள்ளம் ஒருவரின் வீட்டுக் கஞ்சி. காய வைத்திருக்கும் வலையைத் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். கரமடி, அதாவது கரையில் நின்று இழுக்கும் பெரிய வலை, இழுக்கிற நேரமாக இருந்தால் அது முடிகிற வரைக்கும் தண்ணீர்ப் பக்கமே போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை கோவில் பூசை நேரத்தில் ஈர உடையோடு தெருவில் நடக்காதீர்கள்.

போனதும் கரையில் உட்கார்ந்து வலை சீர்படுத்திக்கொண்டிருப்பவர்களிடம் பேசுங்கள். "அண்ணே, கண்ணாடி போட்டுக் கொஞ்சம் பாறை பார்க்க வந்தோம், இன்னைக்குக் கடல் எப்படி?" இவ்வளவு கேட்டால் போதும். நீங்கள் செல்போனில் பார்த்த எந்தத் தகவலையும் விட அவர்கள் சொல்லும் பதில் சரியாக இருக்கும். காற்று கச்சானா, கொண்டலா, நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அவர்கள் பேசிக்கொள்வது முதலில் புரியாது. நீவாடு என்றால் நீரோட்டம், கச்சான் மேற்கிலிருந்து வரும் காற்று, கொண்டல் கிழக்கிலிருந்து. "வேண்டாம் மக்கா" என்று ஒருவர் சொன்னால் இன்னொருவரிடம் போய்க் கேட்காதீர்கள், திரும்பி வந்துவிடுங்கள்.

முடிந்தால் முதல் இரண்டு மூன்று தடவை சிப்பி எடுப்பவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு இறங்குங்கள், அவருடைய அரை நாள் கூலியைக் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். இடுப்பில் வலைப்பையும் கையில் உளியும் ஒரு மிதவையும் வைத்துக்கொண்டு சிறு வயது முதல் அதே பாறையில் முங்கி எழும் ஆட்கள் அவர்கள். எந்தப் பொந்தில் என்ன இருக்கும், எந்த இடுக்கில் தண்ணீர் உறிஞ்சும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். நீங்கள் போய்ச் சிப்பியைப் பெயர்க்காதீர்கள், அது அவர்கள் சோறு. ஆசையாக இருந்தால் வெளியே வந்ததும் அவர்களிடமே விலைக்கு வாங்கி, வீட்டில் தேங்காய் அரைத்துச் சமைத்துச் சாப்பிடுங்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்

மாஸ்க் என்கிற கண்ணாடி, ஸ்நார்க்கல் என்கிற மூச்சு விடும் குழாய், ஃபின்ஸ் என்கிற காலில் மாட்டும் துடுப்பு. மூன்றில் மாஸ்க்குக்கு மட்டும் காசைப் பார்க்காதீர்கள். மூக்கையும் சேர்த்து மூடுகிற, கடினக் கண்ணாடியும் சிலிக்கான் ஓரமும் உள்ளதாக இருக்க வேண்டும். நீச்சல்குளத்துக் கண்ணாடி மூக்கை மூடாது, கீழே போனால் கண்ணைப் பிடித்து இழுக்கும். வாங்கும்போது வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை உள்ளே இழுங்கள், கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்கு ஏற்றது. மீசை அடர்த்தியாக இருந்தால் கொஞ்சம் தண்ணீர் வரத்தான் செய்யும், மூக்குக்குக் கீழே ஒரு கோடு அளவுக்கு வழித்தால் சரியாகும்.

முகம் முழுவதையும் மூடும் மாஸ்க் விற்கிறார்கள். ஆரம்பத்தில் நானும் இணையத்தில் மலிவாகக் கிடைத்த ஒன்றை வாங்கினேன். பத்து நிமிடம் போனதும் தலை கிறுகிறுத்தது, விட்ட மூச்சே திரும்ப உள்ளே வருகிற மாதிரி இருந்தது, தண்ணீருக்குள்ளேயே கழற்றவும் சட்டென்று வரவில்லை. அது முங்குவதற்கும் உதவாது, மூக்கைப் பிடிக்க வழி இல்லை. வேண்டாம்.

ஸ்நார்க்கல் எளிய வளைந்த குழாய் போதும். ஃபின்ஸ் குட்டையானதாக, குதிகால் திறந்து ஷூவின் மேலேயே வார் போட்டு மாட்டுகிறதாக வாங்குங்கள், பாறை இடுக்கில் நீளமான ஃபின்ஸ் தொல்லை. பாறையில் நடக்க ரப்பர் அடி உள்ள ஷூ கட்டாயம், பாறையில் ஒட்டி வளரும் பர்னக்கிள் என்கிற சின்ன உயிரியின் ஓட்டு விளிம்பு பிளேடு மாதிரி. முழுக்கை லைக்ரா சட்டை போட்டால் வெயிலும் படாது, சொறி மீன் என்கிற ஜெல்லி மீன் பட்டாலும் பாதி காப்பாற்றும், சன்ஸ்கிரீன் பூசிக் கடலில் கரைக்கவும் வேண்டாம். ஆரஞ்சு நிற மிதவை ஒன்றைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். களைத்தால் பிடித்துக்கொள்ளலாம், வள்ளக்காரர்களுக்கு நீங்கள் இருப்பது தெரியும். நீச்சல் நன்றாகத் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட் போட்டு மேலே மிதந்து பார்க்கலாம், அதிலேயே முக்கால்வாசி தெரிந்துவிடும். நீச்சலே தெரியாதவர்கள் இந்த வருடம் நீச்சல் படியுங்கள், அடுத்த மாசிக்குக் கடல்.

இறங்குவதற்கு முன் குளத்தில் ஒரு வாரம்

நீச்சல்குளமோ, தெளிந்த ஊர்க்குளமோ, எதுவானாலும் சரி, மூன்று விஷயம் கைக்கு வர வேண்டும். ஒன்று, ஸ்நார்க்கலில் வாயால் மட்டும் நிதானமாக மூச்சு விடுவது, பதினைந்து நிமிடம் தலையைத் தூக்காமல். இரண்டாவது, குழாய்க்குள் தண்ணீர் போனால் ஒரே ஊதில் வெளியே தள்ளுவது. பதறித் தலையைத் தூக்கினால் அடுத்த அலை மூக்கில் ஏறும். மூன்றாவது, மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் அதன் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி, மூக்கால் ஊதுவது. தண்ணீர் கீழ் ஓரம் வழியாகப் போய்விடும். இருபது தடவை செய்யுங்கள். கடலில் முதல் தடவை மாஸ்க்கில் தண்ணீர் புகும்போது யோசிக்காமல் கை அதைச் செய்ய வேண்டும்.

கண்ணாடியில் ஆவி படியாமலிருக்கக் குழந்தைகளின் ஷாம்பூ ஒரு சொட்டுத் தேய்த்து லேசாக அலசினால் போதும். சிப்பி எடுப்பவர்கள் எச்சில் துப்பித் தேய்ப்பார்கள், அதுவும் வேலை செய்யும்.

கரையில் இருபது நிமிடம்

இதுதான் முக்கியம். வந்ததும் உடை மாற்றாதீர்கள். உயரமான, காய்ந்த பாறையில் ஏறி உட்காருங்கள். காய்ந்த பாறை என்று அழுத்திச் சொல்கிறேன், ஈரமாக இருந்தால் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அங்கே அலை வந்திருக்கிறது என்று அர்த்தம். செல்போனை எடுத்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, இருபது நிமிடம் இறங்கப்போகும் இடத்தையே பாருங்கள்.

அலை கூட்டம் கூட்டமாக வரும். பத்து நிமிடம் சாந்தமாக இருந்துவிட்டு நான்கைந்து பெரிய அலை சேர்ந்து வரும், பிறகு மறுபடி சாந்தம். சாந்தமான பத்து நிமிடத்தை மட்டும் பார்த்து இறங்குபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பெரிய கூட்டம் வரும்போது உங்கள் மறைவுக்குள் என்ன நடக்கிறது? தண்ணீர் ஒரு முழம் ஏறி இறங்கினால் பரவாயில்லை. நுரை பொங்கி உள்ளே வந்தாலோ, பாறை இடுக்கு வழியாகச் சத்தத்தோடு உறிஞ்சி வெளியே போனாலோ அன்றைக்கு வேண்டாம்.

அலைக்கும் அலைக்கும் நடுவே எத்தனை நொடி என்று எண்ணுங்கள். உள்ளூர்க் காற்று கிளப்பும் அலை ஆறேழு நொடிக்கு ஒன்று வரும். பதினைந்து நொடிக்கு மேல் இடைவெளி விட்டு, காற்றே இல்லாத நாளில், வழவழவென்று தடித்த அலையாக வந்தால் அது தூரத்துப் புயலில் பிறந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வருவது. அதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். வானம் தெளிவாக இருக்கும், காற்று இருக்காது, திடீரென்று கடல் ஏறிவரும். 2024 மே 6ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அப்படித்தான் இறந்துபோனார்கள், கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாள் அது. ஹைதராபாத்தில் இருக்கும் இந்திய தேசிய பெருங்கடல் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது, செய்தியிலும் வரும். கிளம்புவதற்கு முந்தின இரவு பாருங்கள். எச்சரிக்கை இருந்தால், லீவு போட்டிருந்தாலும் நண்பர்கள் சென்னையிலிருந்து வந்திருந்தாலும், போகாதீர்கள்.

அப்புறம் தண்ணீர் வெளியே போகும் வழி எது என்று தேடுங்கள். அலை கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எங்காவது ஒரு வாய்க்காலாகத் திரும்பிப் போயாக வேண்டும். அந்த இடத்தில் அலை உடையாது, மேற்பரப்பு சுற்றியிருப்பதை விட அமைதியாகத் தெரியும், மணலும் நுரையும் கடல் பக்கமாக ஓடும். புதிதாக வருபவர்கள் அதைத்தான் அமைதியான இடம் என்று நினைத்து இறங்குவார்கள், நானும் ஒருமுறை இறங்கியிருக்கிறேன். மூன்று நான்கு நிமிடத்தில் திரும்பிப் பார்த்தபோது கோவில் கோபுரம் சின்னதாகப் போயிருந்தது. கரையை நோக்கி நீந்தினேன், நகரவில்லை. கரையிலிருந்து அந்த அண்ணன் கையைப் பக்கவாட்டில் வீசிக் காட்டினார். பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வந்தபிறகு, அலையே என்னைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தது. இழுப்பில் மாட்டினால் கரைக்கு இணையாக நீந்துங்கள், எதிர்த்துப் போராடினால் களைப்புத்தான் கொல்லும். தூண்டில் வளைவுகளின், அதாவது கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் சுவர்களின், ஓரத்தில் இப்படிப்பட்ட இழுப்பு எப்போதும் உண்டு. அந்தக் கல் குவியலுக்கு அருகே இறங்கவே கூடாது.

கடைசியாக, இறங்கும் வழியைப் பார்ப்பதற்கு முன் ஏறும் வழியைப் பாருங்கள். இறங்குவது சுலபம். களைத்த கையோடு வழுக்குப் பாறையில் ஏறுவது கஷ்டம். ஏறுவதற்கு மணல் பட்டை இருக்கிற இடமாகத் தேர்ந்தெடுங்கள், அது போக இன்னொரு வழியையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

லைஃப் கார்டு யாராவது பார்ப்பார்கள் என்று நம்பி இறங்காதீர்கள். ஒருவர் கரையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், வீடியோ எடுத்துக்கொண்டு இல்லை. அவர் செல்போனில் 108, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554, இந்த மூன்றும் இருக்கட்டும். தண்ணீருக்குள் குறைந்தது இரண்டு பேர்.

இறங்குவது

மணல் பட்டை வழியாக இறங்குங்கள், பாறையிலிருந்து குதிக்க வேண்டாம். ஷூவோடு இடுப்பளவு நடந்து, மாஸ்க் போட்டு, பிறகு ஃபின்ஸ் மாட்டிக்கொள்ளுங்கள். ஃபின்ஸோடு முன்னால் நடந்தால் விழுவீர்கள், பின்னோக்கி நடங்கள், ஆனால் தோளுக்கு மேலாகக் கடலைப் பார்த்துக்கொண்டே. முதுகைக் காட்டிவிட்டு மறக்கக் கூடாது. மார்பளவு வந்ததும் குப்புறப் படுத்து, கையை உடம்போடு வைத்துக்கொண்டு, ஒரு நிமிடம் ஒன்றும் செய்யாமல் மிதந்து மூச்சு மட்டும் விடுங்கள். நெஞ்சு படபடக்கும், எல்லோருக்கும்தான். மூச்சு அடங்கினால் அதுவும் அடங்கும். அடங்காவிட்டால் எழுந்து வெளியே வாருங்கள், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

பாறைக்கும் உங்களுக்கும் நடுவே எப்போதும் இரண்டு கை நீளம். அலை ஏறி இறங்கும்போது நீங்களும் சேர்ந்து ஒரு முழம் இரண்டு முழம் போய் வருவீர்கள், பாறை நகராது. மறைவின் உள்பக்கம் மட்டும். வெளிப்பாறையைத் தாண்டி எட்டிப் பார்க்கும் ஆசை முதல் வருடம் வேண்டாம்.

என்ன தெரியும்

தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், இருப்பதை விட அருகிலும் தெரியும். அதனால் முதல் நாள் கரையேறி, இவ்வளவு பெரிய களவா மீன் என்று கை விரிக்கும்போது கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பாறையில் இருங்கள். நீந்திக்கொண்டே இருந்தால் மீனின் வாலைத்தான் பார்ப்பீர்கள். மிதந்து ஐந்து நிமிடம் அசையாமல் இருந்தால் ஓடி ஒளிந்ததெல்லாம் திரும்ப வரும். முதலில் அந்தப் பட்டை மீன்கள் வரும். பாறையில் ஊதா நிறத்தில், வெல்வெட் ஒட்டினது மாதிரி உள்ளங்கை அளவு திட்டு தெரிந்தால் பாருங்கள், அது முட்டை. ஆண் மீன் அதன் மேலேயே நின்று, துடுப்பால் விசிறிக்கொண்டு, உங்கள் மாஸ்க்கின் மீது மோதுகிற அளவுக்கு விரட்ட வரும். விலகிவிடுங்கள். அது உங்களை விரட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் மற்ற மீன்கள் அந்த முட்டையைத் தின்றுவிடும்.

சிப்பியை அருகில் போய்ப் பாருங்கள், இதை ஏனோ யாரும் செய்வதில்லை. பாறை முழுக்க நெருக்கமாக, பழுப்பாக, ஒவ்வொன்றும் நூல் நூலாகக் கட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லாம் ஒரு நகக்கண் அளவு வாய் திறந்திருக்கும், திறப்பின் ஓரத்தில் மெல்லிய தசை சுருக்கம் சுருக்கமாகத் தெரியும், அந்தத் திறப்பு வழியாகத்தான் கடல் தண்ணீரை உள்ளே இழுத்து வடிகட்டிச் சாப்பிடுகின்றன. உங்கள் நிழல் மேலே விழட்டும், கொஞ்சம் அருகே போங்கள். பாறையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, காற்றடித்த நெல்வயல் மாதிரி, வரிசையாக மூடிக்கொண்டே போகும். வெறும் கல் என்று நினைத்தது முழுக்க உயிர் என்று அப்போதுதான் உறைக்கும்.

பாறைக்குக் கீழே மணல் தொடங்கும் இடத்தில் நவரை மீன் தாடையிலிருக்கும் இரண்டு தாடியால் மணலைத் துழாவிக்கொண்டு போகும், பின்னாலேயே சிதறுகிற இரைக்காக வேறு மீன்கள். மணலில் கறுப்புக் கோடு கோடாக இருக்கிறதே என்று யோசிக்காதீர்கள், மணவாளக்குறிச்சிக் கருமணல்தான் அது. கிளி மீன் பாறையைக் கடிக்கும் சத்தம் காதில் நறநறவென்று விழும். இருட்டு இடுக்கிலிருந்து இரண்டு நீண்ட மீசை ஆடினால் சிங்கி இறால். வாயைத் திறந்து திறந்து மூடும் அஞ்சாலை என்கிற பாம்பு மாதிரி மீன் மிரட்டவில்லை, மூச்சு விடுகிறது, ஆனாலும் அதன் பொந்துக்குள் கை விட்டால் கடிக்கும்.

பொந்தின் வாசலில் நண்டு ஓடும் சிப்பி ஓடும் குப்பையாகக் கொட்டிக் கிடக்கிறதா? அப்படியே நில்லுங்கள். உள்ளே பேய்க்கணவாய் இருக்கும். சாப்பிட்டு மிச்சத்தை வாசலில் போடுவது அதன் பழக்கம். முதலில் கல் மாதிரித்தான் தெரியும், பிறகு அந்தக் கல்லில் ஒரு கண், படுக்கைக் கோடாக ஒரு பாவை. நீங்கள் அசையாமல் இருந்தால் ஒரு கையை மட்டும் நீட்டும், நிறம் சாம்பலிலிருந்து செங்கல் நிறத்துக்கு மாறும், தோலே முள்முள்ளாக எழும்பி அடங்கும். நான் பார்த்த ஒன்று சுமார் பத்து நிமிடம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு சிப்பி ஓட்டை எடுத்துத் தன் வாசலை அடைத்துக்கொண்டது.

எதையும் தொட வேண்டாம். கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் எல்லாம் 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறவை, எடுத்தால் சிறை. கூம்பு வடிவச் சங்கு அழகாகக் கிடந்தால் கண்டிப்பாக எடுக்காதீர்கள், உயிரோடிருந்தால் விஷ ஊசி போடும். கல் மாதிரியே கிடக்கும் முள் மீனும் இருக்கிறது, இறக்கை விரித்த மாதிரித் துடுப்புள்ள கோடு போட்ட மீனும் இருக்கிறது, இரண்டின் முள்ளிலும் விஷம். பேத்தை மீனை விரட்டி உப்ப வைத்துப் படம் எடுப்பது ஒரு பாவம், அது அந்த மீனுக்குப் பெரும்பாடு.

முங்கிப் பார்க்க

மேலே மிதப்பது பழகின பிறகு இரண்டு மீட்டர் முங்கலாம். ஒரு முழு மூச்சு எடுத்து, இடுப்பை மடக்கி, காலை நேராக மேலே தூக்குங்கள், காலின் பாரமே உங்களைக் கீழே தள்ளும். தலை உள்ளே போனதுமே மூக்கைப் பிடித்து மெதுவாக மூக்குக்குள் ஊதுங்கள், காது 'டிக்' என்று திறக்கும். வலித்த பிறகு ஊதினால் திறக்காது, வலிக்கும் முன்பே ஊத வேண்டும். திறக்கவில்லையா, மேலே வந்துவிடுங்கள். பத்து மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு, காது ஜவ்வுக்கு இரண்டு மீட்டரே அதிகம். சளி பிடித்திருந்தால் அன்று முங்க வேண்டாம்.

ரொம்ப நேரம் அடியில் இருக்கலாம் என்று வேகவேகமாகப் பத்துப் பதினைந்து மூச்சு இழுத்துவிட்டு முங்குகிறார்கள், அது ஆபத்து. மூச்சு முட்டுகிறது என்று மூளைக்குச் சொல்வது உடம்பில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. வேகமாக மூச்சு விட்டு அதைக் குறைத்துவிட்டால் எச்சரிக்கை வராமலேயே ஆக்சிஜன் தீர்ந்து, மேலே வரும் வழியில் மயக்கம் வரும். சத்தமே இருக்காது. அதனால்தான் ஒருவர் முங்கும்போது மற்றவர் மேலே இருந்து பார்க்க வேண்டும், இருவரும் சேர்ந்து முங்கக் கூடாது. மேலே வந்து ஓரிரு நிமிடம் சாதாரணமாக மூச்சு வாங்கிய பிறகுதான் அடுத்த முங்கு.

மொத்தம் நாற்பது நிமிடம் போதும். நடுக்கமோ, கெண்டைக்காலில் பிடிப்போ வந்தால் அதற்கு முன்பே.

ஏதாவது குத்தினால்

கடல் முள்ளெலியோ விஷ முள் மீனோ திருக்கையோ குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரத்துக்கு மேல் முக்கி வைத்தால் வலி இறங்கும். பக்கத்து டீக்கடையில் வெந்நீர் கிடைக்கும், குத்துப்பட்ட இடம் மரத்திருக்கும், ஆகவே சூட்டை நல்ல கையால் தொட்டுப் பார்த்து ஊற்றுங்கள். அப்புறம் ஆஸ்பத்திரி. சொறி மீன் பட்டால் கடல் தண்ணீரால் மட்டும் கழுவுங்கள், நல்ல தண்ணீர் ஊற்றவோ மணல் போட்டுத் தேய்க்கவோ வேண்டாம், ஒட்டியிருப்பதை இடுக்கியாலோ துணி சுற்றிய கையாலோ எடுங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

சிலிண்டர் மாட்டி இறங்கும் ஸ்கூபா பற்றிக் கேட்பார்கள். அது முறையாகப் படிக்க வேண்டியது. ஓப்பன் வாட்டர் என்கிற முதல் கட்டப் படிப்பு முடித்தால் 18 மீட்டர் வரை போகலாம், பத்து வயதிலிருந்து சேரலாம், ஆனால் பன்னிரண்டு வயதுக்குக் கீழே 12 மீட்டர்தான். இந்தப் பாறைகளில் ஒரு பருவம் வெறும் மூச்சில் மிதந்து பழகியவர்களுக்கு அது பாதி வந்துவிட்ட மாதிரி.

கரையேறிய பிறகு மாஸ்க்கையும் ஃபின்ஸையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வையுங்கள், வெயிலில் போட்டால் சிலிக்கான் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். ஒரு நோட்டில் தேதி, நேரம், காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எவ்வளவு தெளிவு, என்ன பார்த்தோம் என்று நாலு வரி எழுதிவிடுங்கள். அடுத்த வாரம் வேறு இடம் தேடாமல் அதே பாறைக்கே போங்கள். அந்தப் பேய்க்கணவாய் அதே பொந்தில் இருக்கிறதா, வாசலில் புதிதாக என்ன ஓடு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.